தோட்டப் பத்திரிகைக்குப் பெயர் அமைத்தல்

தோட்ட வேலையில் ஊக்கமுடையோர் சிலர் ஒன்றுகூடித் தம் பிரதேசத்திற்கென ஒரு மாதப் பத்திரிகை நடத்த முற்படுவார்களாயின், அது மிகவும் நல்ல முயற்சியேயாகும். காகிதம், அச்சுக்கூலி, சந்தா, விளம்பரம் ஆகியவற்றைப் பற்றி அன்னார் நெடுநேரம் ஆலோசிப்பர். பெயரைப் பற்றியோ எனில், கூட்டம் கலையுந் தறுவாயில் யாரேனும் ஒருவர் கூறும் அழகிய சொல்லொன்றை எல்லோரும் ஆமோதித்து எழுந்துவிடுவது வழக்கம். விதையை முளைப்புப் பரீட்சை செய்த பின்னரே நிலத்தில் இடும் நாம், பத்திரிகையின் பெயரையும் பரீட்சித்த பின்னரே வெளியிடுதல் வேண்டும். அப்பரீட்சையை எவ்வாறு செய்வது என்பதை இவ்வியாசத்தில் விளக்குவோம்.

1. பெயரின் வேலை யாது?

கதைப் பத்திரிகைக்கு எப்பெயர் இட்டாலும் பெரும் நஷ்டம் நேராது. தோட்டப் பத்திரிகையோ அத்தகையதன்று. அதைப் படிப்பவர் படித்தவண்ணம் செய்கிறவர். "இம்மாதம் விதைக்க வேண்டியவை" என்று அதில் கண்டால், விதை வாங்கிப் பாத்தி கட்டிவிடுவார். ஆதலின் அவ்வுபதேசம் எந்த நிலத்திற்கு உரியது என்பதைப் பெயரே சொல்லிவிடுதல் வேண்டும்.

முட்டைக்கோசை எடுத்துக்கொள்வோம். மலைப் பிரதேசங்களில் ஜனவரி-பிப்ரவரி, ஜூலை-ஆகஸ்டு, செப்டம்பர்-அக்டோபர் ஆகிய பருவங்களில் அதனைப் பயிரிடலாம். சமவெளியிலோ ஆகஸ்டு-செப்டம்பரில் நாற்றுவிட்டு, குளிர்ந்த மாதங்களில் அறுவடைக்குக் கொண்டுவர வேண்டும். உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலும், கோயமுத்தூர் ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் 100 கிலோமீட்டருக்குட்பட்டதே. மலைக்கென எழுதப்பட்ட குறிப்பைப் பார்த்துக் கோயமுத்தூர்வாசி ஒருவர் ஜனவரியில் நாற்றுவிட்டால், பயிர் முற்றும் தருணத்தில் கோடை வெயில் வந்துவிடும். இலைகள் சேர்ந்து உருண்டை கட்டா. விதையும், எருவும், மூன்று மாத உழைப்பும் வீணாகும். பத்திரிகை எழுதியது பிழையன்று. எவருக்காக எழுதியது என்று தெரிவியாததே பிழை.

ஆகவே தோட்டப் பத்திரிகையின் பெயர் இரண்டு கேள்விகளுக்கு விடையளித்தல் வேண்டும். எந்த நிலம்? எவ்வகைத் தோட்டம்? இவ்விரண்டில் பின்னது எளிது போலத் தோன்றினும், தமிழில் அதுவே கடினமானது. ஆகையால் அதை முதலில் ஆராய்வோம்.

2. "தோட்டம்" என்னும் சொல்

தோட்டம் என்ற சொல்லை அறியாத தமிழர் இல்லை. எனினும் அச்சொல்லுக்கு எல்லா இடத்திலும் ஒரே பொருள் வழங்குவதில்லை. விவசாய இலாகாவில் ஊர் ஊராக மாற்றலாகிச் செல்லும் உத்தியோகஸ்தர் யாவரும் இதனை அறிவர். "உங்களுக்குத் தோட்டம் உண்டா?" என்று கேட்டால், ஜில்லாவுக்கு ஒரு விடை கிடைக்கும்.

கொங்கு நாட்டில் தோட்டம் என்பது கிணற்றுப் பாசனமுள்ள சாகுபடி நிலம். மஞ்சளும், வாழையும், கரும்பும் அதில் விளையும். பலர் தோட்டத்திலேயே வீடு கட்டி வாழ்கின்றனர். மழையை நம்பிய நிலத்தை அங்கே "காடு" என்பர். அதில் மரமொன்றும் இல்லாதிருப்பினும் அது காடே. நீலகிரியிலும், இலங்கையின் மலையகத்திலும் தோட்டம் என்றவுடன் தேயிலைத் தோட்டமே நினைவிற்கு வரும். தோட்டத் தொழிலாளர் என்ற தொடரும் அப்பொருளிலேயே வழங்குகிறது. யாழ்ப்பாணத்தில் வெங்காயமும், மிளகாயும், புகையிலையும் நீரிறைத்துப் பயிரிடும் நிலம் தோட்டம். வீட்டைச் சூழ்ந்த இடம் "வளவு". சென்னையில் மாடியின்மேல் தொட்டிகளில் வளர்ப்பதே பெரும்பாலோருக்கு வாய்த்த தோட்டம்.

எனவே "தோட்டம்" என்று மட்டும் பெயரிட்ட பத்திரிகையைக் கையிலெடுக்கும் ஈரோட்டு வாசகர் சொட்டுநீர்க் குழாயின் விலையைத் தேடுவார். குன்னூர் வாசகர் பச்சைத் தேயிலையின் விலையைத் தேடுவார். சென்னை வாசகர் தொட்டி மண் கலவையைத் தேடுவார். மூவரில் இருவராவது ஏமாற்றமடைவது திண்ணம். சொல் பொதுவாயிருப்பதனால் வாசகர் பெருகுவர் என்று நினைப்பது தவறு. பொதுச்சொல்லால் முதல் இதழ் விற்கலாம். இரண்டாம் இதழ் விற்க வேண்டுமாயின், வாங்கியவர் தேடியது உள்ளே இருத்தல் வேண்டும்.

இதற்குப் பரிகாரம் யாதெனில், தோட்டம் என்னும் சொல்லுக்கு முன் ஓர் அடைமொழி சேர்த்தலாகும். வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம், காய்கறித் தோட்டம், பழத்தோட்டம், பூந்தோட்டம் என்பன எந்த ஜில்லாவிலும் மயக்கம் தாரா.

3. ஏனைய சொற்கள்

தோட்டம் என்பதற்குப் பதிலாகப் பிரதேச வழக்கிலுள்ள சொல்லையே எடுத்தாளலாமே என்று சிலர் கூறக்கூடும். நல்ல யோசனைதான்; ஆயினும் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கொல்லை: தஞ்சைப் பகுதியில் வீட்டின் பின்புறத்து நிலம் கொல்லை, அங்கே முருங்கையும், வாழையும், கறிவேப்பிலையும் இருக்கும். கடலூர், விழுப்புரம் முதலிய இடங்களில் மானாவாரி நிலத்தையும் கொல்லை என்பர். அன்றியும், "கொல்லைக்குப் போதல்" என்னும் இடக்கரடக்கல் வழக்கு டெல்டாவில் இன்னும் உள்ளது. பத்திரிகையின் பெயரைக் கேட்டு ஒருவர் நகைத்தாரெனில், அடுத்தவரிடம் அவர் அதைச் சொல்லத் தயங்குவார்.

புறக்கடை: புறக்கடைக் கோழி வளர்ப்பு என்ற தொடரால் இச்சொல் பலருக்கும் பழக்கமாகியுள்ளது. அக்காரணத்தாலேயே இது கோழி வளர்ப்புப் பத்திரிகை போலும் என்ற எண்ணம் தோன்றக்கூடும்.

சோலை: செவிக்கு இனிய சொல். ஆனால் நீலகிரி, பழனி மலைகளில் சோலை என்பது புல்வெளிகளுக்கிடையே மடுவுகளில் தானாக வளர்ந்த பசுமைமாறாக் காட்டைக் குறிக்கும். அது காக்கப்பட வேண்டிய வனமேயன்றிப் பயிரிடும் இடமன்று. மலைப் பிரதேசப் பத்திரிகைக்கு இப்பெயர் பொருந்தாது.

நந்தவனம்: கோவிலுக்கு மாலை தொடுக்கப் பூ வளர்க்கும் இடம். பூச்செடிகளை மட்டும் பற்றிய பத்திரிகைக்குத் தகும். கத்தரிக்கும் வெண்டைக்கும் தகாது.

தோப்பு: தென்னை, மா, புளி முதலிய மரங்களுக்கே உரியது.

மலர், இதழ்: இவை பூவையும் பத்திரிகையையும் ஒருங்கே குறிப்பதால், தோட்டப் பத்திரிகைக்கு மிகப் பொருத்தமென்று யாருக்கும் முதலில் தோன்றும். ஆயின் "மலர்" என்பது ஆண்டு மலர், தீபாவளி மலர் எனச் சிறப்பு வெளியீட்டிற்கே பெரிதும் வழங்குகின்றது. மாதந்தோறும் வருவதற்கு "இதழ்" ஏற்றது. அதனையும் பெயரில் வையாது, பெயருக்குக் கீழே விளக்க வரியில் வைத்தல் நலம்.

4. பிரதேசத்தைக் குறிக்கும் முறை

பிரதேசத்தை மூன்று விதமாகக் குறிக்கலாம். சர்க்கார் பிரிவினால் குறிப்பது ஒன்று. நாட்டு வழக்குப் பெயரால் குறிப்பது மற்றொன்று. சீதோஷ்ணத்தால் குறிப்பது பிறிதொன்று.

சர்க்கார் பிரிவு திட்டமானது, ஆனால் மாறக்கூடியது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி ஜில்லா 2019-ஆம் வருஷத்தில் பிரிக்கப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து 1991-இல் நாகப்பட்டினமும், நாகப்பட்டினத்திலிருந்து 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. ஜில்லாவின் பெயரைச் சூடிய பத்திரிகை, எல்லை மாறும்போது தன் வாசகரில் ஒரு பகுதியாரை அயலாராக்கிவிடும். மண்ணும் மழையும் எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. இதற்கு மாறாக, நன்கு வேரூன்றிய பத்திரிகை பழம் பெயரோடே நிலைத்தலும் உண்டு. கோயமுத்தூரிலிருந்து வரும் "மதராஸ் அக்ரிகல்சுரல் ஜர்னல்" என்னும் விவசாய ஆராய்ச்சிப் பத்திரிகை, 1969-இல் ராஜ்யத்தின் பெயரும், 1996-இல் தலைநகரின் பெயரும் மாறிய பின்னரும், தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் புதிதாகத் தொடங்குவோர் அதைப் பின்பற்றுதல் கூடாது. நெடுங்காலம் பழகிய பெயருக்குள்ள பலம் நேற்றுப் பிறந்த பெயருக்கு இராது.

நாட்டு வழக்குப் பெயர்கள் எந்த உத்தரவினாலும் மாறுவதில்லை. கொங்கு, நாஞ்சில், செட்டிநாடு முதலியன அத்தகையன. ஆனால் அவற்றின் எல்லையை நன்கறிந்து எடுத்தாள வேண்டும். நாஞ்சில் நாடு என்பது கன்னியாகுமரி ஜில்லாவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலூகாக்களைச் சார்ந்தது. கல்குளம், விளவங்கோடு பகுதியார் அப்பெயரைத் தமதாகக் கொள்ளார். பெயரில் தாம் இல்லையென்று கருதுகிறவர் சந்தா அனுப்புவதும் அரிது.

சீதோஷ்ணத்தால் குறிப்பது தோட்டக்காரருக்கு மிகவும் உபயோகமானது. கொழும்பிலிருந்து 1881-இல் பெர்குசன் குடும்பத்தார் தொடங்கிய "டிராபிகல் அக்ரிகல்சரிஸ்ட்" என்னும் பத்திரிகை, தன் பெயரில் இலங்கையைக் குறிப்பிடாமல், வெப்ப மண்டலத்தையே குறித்தது. காப்பி, தேயிலை, சின்கோனா பயிரிடுவோர் எந்நாட்டினராயினும் அது தமக்குரியதென உணர முடிந்தது. ஆனால் சிறு பிரதேசத்திற்கு இம்முறையைக் கையாளும்போது எச்சரிக்கை வேண்டும். நீலகிரி ஒரே ஜில்லாவாயினும், கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையே பெருமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் மிகுதி. ஒரே பெயரின்கீழ் இரண்டு மழைக்கணக்கு இருக்குமாயின், மாதக் குறிப்புக்களை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதப் பத்திராதிபர் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

5. பிறநாட்டுப் பத்திரிகைகள் கற்பிப்பவை

தோட்டப் பத்திரிகைகள் நெடுங்காலமாக நடைபெறும் நாடுகளில் பெயர் பட்ட பாடு நமக்கு நல்ல பாடமாகும்.

இங்கிலாந்தில் 1787-இல் வில்லியம் கர்ட்டிஸ் என்பார் "பொட்டானிக்கல் மாகஸீன்" என்ற பத்திரிகையைத் தொடங்கினார். "காட்சிக்கு வைத்த பூந்தோட்டம்" எனப் பொருள்படும் துணைப் பெயரும் அதற்கு இருந்தது. தலைப்பெயர் சாஸ்திரத்தைக் கூறிற்று. துணைப்பெயர் சாமானிய வாசகரை அழைத்தது. 1799-இல் அவர் காலமான பின்னர் அவர் பெயரும் அதனுடன் சேர்க்கப்பட்டது. 1984-இல் அதனைக் "கியூ மாகஸீன்" என மாற்றினர். 1995-இல் பழைய பெயருக்கே திரும்பினர். மக்கள் மனத்தில் பதிந்த பெயரைக் கைவிடுதல் எளிதன்று என்பது இதனால் விளங்கும்.

அமெரிக்காவில் எட்வின் மெரிடித் என்பார் 1922-இல் "பழம், தோட்டம், வீடு" எனப் பொருள்படும் பெயரோடு ஒரு பத்திரிகை தொடங்கினார். அவர் அந்நாட்டு விவசாய மந்திரியாயிருந்தவர். உள்ளே இருப்பவற்றின் ஜாபிதாவாகவே அப்பெயர் இருந்தது. 1924-இல் "பெட்டர் ஹோம்ஸ் அண்ட் கார்டன்ஸ்", அதாவது "மேலான வீடுகளும் தோட்டங்களும்" என அது மாற்றப்பட்டு, அப்பெயரிலேயே பிரசித்தியடைந்தது. பொருள்களை வரிசையாகச் சொன்ன இடத்தில், வாசகர் அடைய விரும்பும் நிலையைப் புதுப்பெயர் சொல்லிற்று. மாற்ற வேண்டியிருந்தால் மூன்றாம் வருஷத்திற்குள் மாற்றிவிடுவதே உத்தமம் என்பதும் இதனால் பெறப்படும்.

பிரதேசப் பத்திரிகைக்குத் தக்க உதாரணம் "சன்ஸெட்" என்பது. சதர்ன் பஸிபிக் ரயில்வேயார், பிரயாணிகளை மேற்கு அமெரிக்காவிற்கு இழுக்கும் பொருட்டு 1898-இல் அதை வெளியிட்டனர். "சூரியாஸ்தமனம்" என்னும் அப்பெயர் அவர்களுடைய ரயில்வண்டி ஒன்றின் பெயர். 1929-இல் லாரன்ஸ் லேன் என்பார் அதை வாங்கி, மேற்குப் பகுதியாரின் வீடு, தோட்டம், சமையல், பிரயாணம் ஆகியவற்றிற்குரியதாக மாற்றினார். பெயரில் தோட்டமும் இல்லை, ஊரும் இல்லை; ஆயினும் சூரியன் மறையும் திசை என்ற குறிப்பினால் பிரதேசம் விளங்கிற்று. அதன் நிலையத்தார் வெளியிட்ட தோட்டப் புத்தகம் மேற்குப் பிரதேசத்தை 24 சீதோஷ்ண மண்டலங்களாகப் பிரித்துக் காட்டியது. பெயர் குறிப்பாக உணர்த்தியதை உள்ளடக்கம் திட்டமாக நிறைவேற்றியமையே அது நிலைபெறக் காரணமாயிற்று. குறிப்புப் பெயர் வைப்போர் இவ்வளவு உழைப்பையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

6. வாயும் செவியும்

பெயர் அச்சில் அழகாயிருந்தால் மட்டும் போதாது. வாயால் சொல்லப்பட வேண்டும். தபாற்காரரும், கடைக்காரரும், தொலைபேசியில் முகவரி கேட்பவரும் அதைப் பிழையின்றி உணர வேண்டும். ல, ள, ழ என்னும் எழுத்துக்களை வேறுபடுத்தாமல் உச்சரிப்போர் பலர். "பொழில்" என்பதை அவர் எப்படிச் சொல்வர் என்று சொல்லிப் பார்க்க. "கொல்லை" என்றது "கொள்ளை" எனக் கேட்டால் விபரீதம். குமரிப் பகுதியில் தென்னை, மரச்சீனி முதலியன பயிரிடும் மேட்டு நிலத்தை "விளை" என்பர். ஊர்ப்பெயர்களிலும் அச்சொல் மிகுதி. ஆனால் தொலைபேசியில் அது "விலை" என்றே கேட்கும்.

மூன்று சொற்களுக்கு மேற்பட்ட பெயரை ஜனங்கள் தாமே குறைத்துவிடுவர். குறைத்த பின் எஞ்சுவது எது என்று முன்கூட்டியே எண்ணுதல் நலம். பிரதேசப் பெயர் அறுந்து போகுமாயின், பெயரிட்ட நோக்கமே அறுந்துபோம்.

7. சட்டப்படி செய்ய வேண்டியவை

1867-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்திற்குப் பதிலாக, 2023-ஆம் வருஷத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச்சு 1 முதல் இந்தியாவில் அமலுக்கு வந்துள்ளது. இதன்படி, வேறொருவர் வைத்துள்ள பெயரையோ, அதனோடு ஒத்த பெயரையோ, அதே பாஷையில் இந்தியாவில் எவ்விடத்தும், வேறு பாஷையிலாயின் அதே ராஜ்யத்திற்குள்ளும் இடுதல் கூடாது. ஆகவே முன்னால் "புதிய" என்றோ, பின்னால் "இதழ்" என்றோ சேர்த்து வேறுபடுத்திவிட்டதாக நம்பியிருத்தல் தகாது. மனுவை இணையத்தின் மூலம் செய்துகொள்ள வேண்டும். ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டிராமல், விருப்ப வரிசைப்படி நாலைந்து பெயர்களை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். அனுமதி கிடைக்குமுன் ரசீதுப் புத்தகமும் பெயர்ப்பலகையும் தயாரிப்பது வீண் செலவில் முடியக்கூடும்.

பிரதேசச் சொல் பெயரில் இருப்பதன் மற்றொரு லாபம் இங்கே வெளிப்படும். பொதுச்சொற்களைப் பிறர் முன்பே எடுத்துக்கொண்டிருப்பர். தன் நாட்டுப் பெயரோடு சேர்ந்த பெயர் அகப்படுவது எளிது.

8. பரீட்சிக்கும் முறை

கன்னியாகுமரி ஜில்லாவில் வீட்டைச் சூழ்ந்து வாழை, பலா, மிளகு, காய்கறி, பூச்செடி வளர்ப்போருக்கு ஒரு பத்திரிகை வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். நான்கு பெயர்களை உதாரணத்திற்காக எழுதிப் பரீட்சிப்போம்.

(அ) "நாஞ்சில் தோட்டம்". மேற்குத் தாலூகாக்கள் விடுபடும். ரப்பர் தோட்டமோ என்ற ஐயமும் உண்டாகும்.

(ஆ) "குமரி விளை". ஜில்லா முழுவதும் அடங்கும். சொல்லும் அம்மண்ணின் சொல்லே. ஆனால் செவியில் "குமரி விலை" என விழும். சந்தை நிலவரப் பத்திரிகை எனக் கொள்வர்.

(இ) "இருமழை". தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் அந்த ஜில்லாவிற்கு உண்டு. ஆகையால் இப்பெயர் நயமானது. நிலத்தின் இயல்பையும் சொல்கிறது. ஆயினும் தோட்டத்தைச் சொல்லவில்லை, விளக்கினால்தான் விளங்கும்.

(ஈ) "குமரி வீட்டுத் தோட்டம்". நயம் குறைவு. ஆனால் நிலமும், தோட்டத்தின் வகையும் ஐயமற விளங்குகின்றன. உச்சரிப்பில் பிழை நேராது.

இவற்றுள் நான்காவதைப் பெயராகக் கொண்டு, "இருமழை நாட்டுக் காய், கனி, பூ வளர்ப்போர் மாத இதழ்" என்பதைக் கீழே சிறு எழுத்தில் அமைத்தால், நயமும் கைவிடப்படாது. இங்ஙனம் பெயரிட்டபின், உள்ளே எழுதுகையிலும் அந்நிலத்துச் சொல்லையே வழங்க வேண்டும். அங்கே மரச்சீனி எனப்படுவதை மரவள்ளி என்று மட்டும் அச்சிட்டால், பெயர் கொடுத்த வாக்கு உள்ளே தவறியதாகும்.

பெயரை முடிவு செய்யுமுன் கீழ்க்கண்டவாறு ஒரு சோதனை நடத்துக. வெவ்வேறு கிராமங்களில் பத்துப் பேரிடம், ஆண்களும் பெண்களும் கலந்திருக்கும்படி, பெயரை வாயால் மட்டும் சொல்லி, மூன்று கேள்விகள் கேட்கவும்.

முதலாவது: இப்பத்திரிகையில் என்ன இருக்கும் என நினைக்கிறீர்கள்?
இரண்டாவது: இது எந்த ஊராருக்கு உரியது?
மூன்றாவது: பெயரைத் திருப்பிச் சொல்லி எழுதிக் காட்ட முடியுமா?

பதின்மரில் எண்மரேனும் மூன்றுக்கும் சரியான விடையளித்தால் அப்பெயரைக் கொள்ளலாம். வீட்டைச் சூழ்ந்த செடிகளுக்கு நாள்தோறும் நீர் விடுவோர் பெரும்பாலும் பெண்களாதலின், அவர்களுடைய விடையைத் தனியே குறித்துக்கொள்ளல் அவசியம். ஒருவாரம் கழித்து அதே பத்துப் பேரிடம் சென்று, பெயர் நினைவிருக்கிறதா என்றும் கேட்கவும். கமிட்டியாரின் ரசனைக்கு உகந்த பெயர் இச்சோதனையில் தவறுமாயின், அதனைத் தயங்காது நீக்கிவிடுக.

முடிவாக, முதல் இதழ் வெளிவரும்போது, அட்டையின் உட்புறத்தில் பத்திரிகை எந்தெந்தத் தாலூகாக்களுக்குரியது, அதன் மாதக் குறிப்புக்கள் எந்த மழையையும் எந்த உயரத்தையும் அனுசரித்தவை என்பதை நான்கு வரியில் அச்சிட்டு, ஒவ்வோர் இதழிலும் அதனை விடாது வெளியிடுதல் வேண்டும். அயலூர் வாசகர் ஒருவர் அதை வாங்கினாலும், எக்குறிப்பைத் தாம் அப்படியே கொள்ளலாம், எதைத் தம் பட்டத்திற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை அறிந்து, விதையை நஷ்டமாக்காமல் பயனடைவார்.